கரிசலில் போட்ட கோடு

போட்டி நாளன்று விடிகாலை நாலரை மணிக்கே மைதானத்தில் இருக்க வேண்டும். கையில் அளவு டேப், சணல் கயிறு, மரமுளைகள், சுத்தியல், ஒரு மூட்டை சுண்ணாம்புப் பொடி, ஒரு டார்ச் லைட். முதல் நாள் சாயங்காலமே டிராக் போட்டு முடித்திருப்போம். ராத்திரி ஒரு தூறல் விழுந்திருந்தால் போதும், கரிசல் மண் அத்தனை கோட்டையும் குடித்துவிட்டிருக்கும். மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். குனிந்து குனிந்து கடைசி லேனை முடிக்கும்போது கிழக்கே வெளுத்திருக்கும். முதல் பள்ளி வண்டி கேட்டுக்குள் திரும்பிக்கொண்டிருக்கும்.

ஒரு லேனின் அகலம் 1.22 மீட்டர். முதல் லேனுக்கு உள்விளிம்பிலிருந்து 30 சென்டிமீட்டரும், மற்ற லேன்களுக்கு 20 சென்டிமீட்டரும் தள்ளி அளக்கும் முறைப்படி, ஒரு முழுச் சுற்று ஓட்டத்தில் இரண்டாம் லேன் பிள்ளை முதல் லேன் பிள்ளையைவிட 7.04 மீட்டர் முன்னால் நிற்க வேண்டும். மூன்றாம் லேன் 14.70 மீட்டர். மைதானம் 400 மீட்டர் சுற்றாக இருந்தாலும், கிராமத்துப் பள்ளியின் 200 மீட்டர் சுற்றாக இருந்தாலும் இந்தக் கணக்கு மாறாது. வளைவின் ஆரம் எதுவானாலும் லேன் அகலம்தான் வித்தியாசத்தை முடிவு செய்கிறது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் இதை ஒரு மூத்த உடற்கல்வி ஆசிரியர் எனக்கு மண்ணில் குச்சியால் கீறிக் காட்டினார். சின்ன மைதானத்தில் பழகிய பிள்ளைக்கும் பெரிய மைதானத்தில் பழகிய பிள்ளைக்கும் கணக்கு ஒன்றுதான் என்பது அந்த வயதில் எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது.

இந்த மலருக்காகப் பெரம்பலூர், அரியலூர் பகுதித் தனியார் பள்ளிகளின் தடகள வரலாற்றை எழுதும்படி என்னிடம் கேட்டார்கள். எழுத உட்கார்ந்தபோதுதான் ஒன்று புரிந்தது. அதைத் தனியாகப் பிரித்து எழுத முடியாது. நான் வேலை பார்த்த வருடங்கள் முழுவதும் எங்கள் பிள்ளைகள் ஓடியது குறுவட்டப் போட்டியில்தான். அங்கே அரசு மேல்நிலைப் பள்ளி, ஆதிதிராவிடர் நலப் பள்ளி, உதவிபெறும் மிஷன் பள்ளி, மெட்ரிக் பள்ளி எல்லாம் ஒரே கோட்டில் நிற்கும். குறுவட்டம் தாண்டினால் வருவாய் மாவட்டம், அதையும் தாண்டினால் மாநிலம். குடியரசு தினப் போட்டி, பாரதியார் தினப் போட்டி என்று பெயர்கள் வேறானாலும் ஏணி ஒன்றுதான். சி.பி.எஸ்.இ. பள்ளிகளுக்கு மட்டும் அவர்களுடைய வாரியம் கிளஸ்டர் போட்டிகளைத் தனியாக நடத்துகிறது. மற்றபடி, பணம் கட்டிப் படிக்கும் பிள்ளையும் சத்துணவு சாப்பிடும் பிள்ளையும் தோளோடு தோள் நின்று கிளாப்பர் கட்டையின் சத்தத்துக்குக் காத்திருந்த இடம் இந்த மைதானம். நம் ஊர் வாழ்க்கையில் அப்படி வேறு எத்தனை இடம் இருக்கிறது என்று யோசித்துப் பார்த்தேன். அதிகம் தேறவில்லை.

பள்ளிகளுக்கு இடையே போட்டி என்ற ஏற்பாடு நம் கைக்கு எப்படி வந்தது என்பதையும் சொல்ல வேண்டும். நியூயார்க் நகரத்தில் 1903-ல் லூதர் குலிக் என்பவர் பொதுப் பள்ளிகளுக்கான தடகள லீக் ஒன்றைத் தொடங்கினார். அதற்கு முன் அவர் ஸ்பிரிங்ஃபீல்டில் இருந்த ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிக் கல்லூரியில் ஆசிரியர். ஜேம்ஸ் நைஸ்மித் 1891-ல் கூடைப்பந்தைக் கண்டுபிடித்தது அந்தக் கல்லூரியில்தான், அதுவும் குலிக் சொல்லித்தான். அதே கல்லூரியில் படித்த ஹாரி குரோ பக் சென்னைக்கு வந்து 1920-ல் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்வியியல் கல்லூரியைத் தொடங்கினார். 1924 பாரிஸ் ஒலிம்பிக்குக்கு இந்திய அணியைத் தயார் செய்ததில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு. பக் 1943-ல் காலமானார். அவரிடம் படித்தவர்கள், அவர்களிடம் படித்தவர்கள் என்று அந்தப் பயிற்சி தமிழ்நாட்டுப் பள்ளிகளுக்குள் இறங்கியது. டிரில் மாஸ்டர் என்றும், பிறகு பி.டி. சார் என்றும் ஊர் கூப்பிட்டது இவர்களைத்தான். எனக்கு மண்ணில் கீறிக் காட்டிய அந்த மூத்த ஆசிரியரும் இந்த வரிசையில் வந்தவர்.

குலிக்கின் லீக்கில் ஒரு விதி எனக்கு மிகவும் பிடிக்கும். வகுப்பு வாரியாக ஒரு போட்டி. வகுப்பில் குறைந்தது 80 சதவீதப் பிள்ளைகள் கலந்துகொண்டாக வேண்டும்; எல்லோருடைய சராசரியும்தான் அந்த வகுப்பின் மதிப்பெண். நன்றாக ஓடும் நாலு பேரை வைத்து ஜெயிக்க முடியாது. நம் தனியார் பள்ளிகள் எத்தனையோ கோப்பைகளைக் கண்ணாடி அலமாரியில் அடுக்கியிருக்கின்றன. ஆனால் இந்த விதியை நாம் இன்னும் எடுத்துக்கொள்ளவில்லை. சிவப்பு, நீலம், பச்சை, மஞ்சள் என்று ஹவுஸ் பிரித்து ஆண்டு விழா நடத்தினாலும், ஓடுவது பத்துப் பேர், வேப்பமரத்தடியில் உட்கார்ந்து கைதட்டுவது முந்நூறு பேர். இது எனக்கு இன்றும் உறுத்தல்தான்.

நம் பகுதியில் தனியார் பள்ளி என்றால் இன்று எல்லோருக்கும் மஞ்சள் பஸ்தான் நினைவுக்கு வரும். பழைய ஆட்களுக்கு மிஷன் பள்ளி நினைவுக்கு வரும். கும்பகோணம் மறைமாவட்டத்தைச் சேர்ந்த ஊர்கள் இவை. அரியலூர் நிர்மலா, ஜெயங்கொண்டம் பாத்திமா, வரதராஜன்பேட்டை தொன்போஸ்கோ என்று பள்ளிகள் வந்தபோது, கூடவே மைதானமும் வந்தது. பாதர்மார்களும் கன்னியாஸ்திரீகளும் கட்டடம் கட்டும்போதே விளையாட இடம் விட்டுக் கட்டினார்கள். அந்தப் பக்கத்து மண் வேறு. செந்துறை, ஆண்டிமடம், ஜெயங்கொண்டம் என்று போனால் செம்மண்ணும் முந்திரிக் காடும். மழை பெய்தாலும் அரை மணி நேரத்தில் ஓடலாம். பெரம்பலூர்ப் பக்கத்துக் கரிசல் அப்படி இல்லை. கோடையில் விரல் நுழையும் அளவுக்கு வெடிக்கும், ஐப்பசி மழையில் செருப்பைப் பிடித்துக்கொள்ளும். பருத்திக்கும் மக்காச்சோளத்துக்கும் சின்ன வெங்காயத்துக்கும் தங்கமான மண் அது. ஓடுகிற பிள்ளைக்குச் சோதனையான மண். குறுவட்டப் போட்டிகளில் முந்திரிக்காட்டுப் பிள்ளைகள் வெறுங்காலோடு வந்து 1500 மீட்டரை அள்ளிக்கொண்டு போவார்கள். காலையில் நாலு கிலோமீட்டர் நடந்து பள்ளிக்கு வருகிற கால்களுக்கு நாம் என்ன பயிற்சி கொடுத்துவிட முடியும்?

நான் வேலைக்குச் சேர்ந்தபோது திருச்சி மாவட்டம் பிரிக்கப்படவில்லை. கரூரும் முசிறியும் மணப்பாறையும் பெரம்பலூரும் உடையார்பாளையமும் ஒரே மாவட்டம். மாவட்டப் போட்டி என்றால் திருச்சிக்குப் போக வேண்டும். ஆண்டிமடத்திலிருந்து திருச்சி சுமார் நூறு கிலோமீட்டர். அரியலூர்ப் பிள்ளைகளுக்கு ரயில் உண்டு. பெரம்பலூருக்கு இன்றுவரை ரயில் கிடையாது. விடியற்காலை பஸ் பிடித்து, நின்றுகொண்டே போய், இறங்கியதும் செஸ்ட் நம்பரை ஊக்கு குத்திக்கொண்டு, பத்து மணிக்கு ஹீட்ஸ் ஓடுவார்கள். திருச்சி டவுன் பள்ளிப் பிள்ளைகள் வீட்டில் தூங்கி எழுந்து, இட்லி சாப்பிட்டுவிட்டு வந்திருப்பார்கள். தோற்றவர்களில் பலர் தூக்கத்திடம் தோற்றவர்கள் என்று நான் உறுதியாகச் சொல்வேன்.

பிறகு 1995-ல் திருச்சி மூன்றாகப் பிரிந்து, கரூரும் பெரம்பலூரும் தனி மாவட்டங்கள் ஆயின. அரசியல் மேடைகளில் இதைப் பற்றி என்னென்னவோ பேசினார்கள். எங்களுக்குப் புரிந்தது ஒன்றுதான். மாவட்டத்தில் வென்றவர்தான் மாநிலத்துக்குப் போக முடியும். நேற்றுவரை ஒரு பிள்ளை போன இடத்தில் இனி மூன்று பிள்ளைகள் போகும். ஆலத்தூர்ப் பக்கத்து ஒரு பையன் குண்டு எறிதலில் திருச்சியில் இரண்டு வருடம் மூன்றாவதாகவே வந்துகொண்டிருந்தான். பெரம்பலூர் மாவட்டம் ஆன பிறகு அவன் தம்பிக்கு அந்தத் தடை இல்லை. அண்ணன் தன் தம்பியைச் சைக்கிளில் வைத்து மைதானத்துக்குக் கொண்டுவந்து விட்டுவிட்டு, முடியும்வரை வேலிக்கு வெளியே நின்றது எனக்குக் கண்ணிலேயே நிற்கிறது.

அரியலூரின் கதை இன்னும் சுற்றிவளைத்தது. 2001 ஜனவரி 1-ம் தேதி தனி மாவட்டம். 2002 மார்ச் கடைசியில் மறுபடி பெரம்பலூரோடு சேர்த்துவிட்டார்கள். அதன் பிறகு 2007 நவம்பர் 23-ம் தேதி திரும்பவும் தனி மாவட்டம் ஆனது. இடையில் கிடைத்த அந்த ஒன்றேகால் வருடத்தை நினைத்தால் இப்போதும் மனசு கனக்கும். என்னிடம் பயிற்சி எடுத்த ஒரு பெண் தடை ஓட்டத்தில் அந்த வருடம் மாவட்ட முதலிடம். அடுத்த ஜூனில் பள்ளி திறந்தபோது அவள் மாவட்டம் இல்லை. பெரம்பலூர்ப் பிள்ளைகளோடு சேர்ந்து ஓடி இரண்டாவதாக வந்தாள். முந்தின வருடத்தைவிட நன்றாகவே ஓடினாள், அதுதான் வேதனை. “சார், போன வருஷம் மெதுவா ஓடி போனேன், இந்த வருஷம் வேகமா ஓடியும் போகலியே” என்று கேட்டாள். அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. அரசாணையை எடுத்து அவளிடம் படித்துக் காட்டவா முடியும்?

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் பெரம்பலூரின் மக்கள்தொகை 5,65,223. அன்றைய தமிழ்நாட்டின் 32 மாவட்டங்களிலும் மிகக் குறைவு இதுதான். சின்ன மாவட்டம் என்று வெளியில் குறையாகச் சொல்வார்கள். விளையாட்டு ஆசிரியனுக்கு அது வரம். ஒரு பிள்ளையிடம் திறமை இருந்தால் கூட்டத்தில் தொலைந்து போகாது. யாராவது ஒருவர் கண்ணில் பட்டே தீரும்.

தனியார் பள்ளிகள் பெருகியதும் ஏறக்குறைய இதே காலத்தில்தான். பெரம்பலூரில் ரோவர், தனலட்சுமி சீனிவாசன் போன்ற கல்விக் குழுமங்கள் வளர்ந்தன. அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் எடுக்க வந்த சிமென்ட் ஆலைகள் தங்கள் குடியிருப்புகளை ஒட்டிப் பள்ளிகள் கட்டின. ஊருக்கு ஊர் மெட்ரிக் பள்ளிகள் முளைத்தன. இவை தடகளத்துக்குக் கொண்டுவந்த நல்லவற்றை மறைக்கக் கூடாது. குறுவட்டப் போட்டியை நடத்துவது லேசான வேலை இல்லை. பந்தல், மைக் செட், குடிதண்ணீர், முதலுதவி, நடுவர்களுக்குச் சாப்பாடு, மெடல், சான்றிதழ். அரசுப் பள்ளித் தலைமை ஆசிரியர் இதற்குக் கைக்காசு போட வேண்டியிருந்தது. தனியார் பள்ளி ஒன்று பொறுப்பேற்றால் அந்த வருடம் எல்லோரும் மூச்சு விடுவோம். பல தாளாளர்கள் தங்கள் பள்ளி பஸ்ஸை அனுப்பி, வழியில் இருக்கும் அரசுப் பள்ளிப் பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு வரச் செய்திருக்கிறார்கள். மதியம் பெரிய அண்டாவில் சாம்பார் சாதம் வரும். எந்தப் பள்ளிச் சீருடை என்று பார்க்காமல் தட்டு நீட்டிய பிள்ளைக்கெல்லாம் போடுவார்கள்.

கெட்டதும் இருந்தது. பத்தாம் வகுப்பும் பிளஸ் டூவும் வந்தால் பி.டி. பீரியட் காணாமல் போய்விடும். கணக்கு டீச்சர் வந்து கேட்பார், கொடுத்துவிட வேண்டும். ஒரு பள்ளியில், பெயர் வேண்டாம், மாவட்டப் போட்டிக்குத் தேர்வான மூன்று பிள்ளைகளை அன்றைக்கு மாதிரித் தேர்வு என்று சொல்லி அனுப்பவே இல்லை. மார்ச் பாஸ்ட்டில் அந்தப் பள்ளியின் கொடி மட்டும் போனது. அனுமதி கேட்டு அலுவலக அறை வாசலில் முந்தின நாள் இரண்டு மணி நேரம் நின்றவன் நான்தான். பிறகு பொறியியல் சேர்க்கையில் விளையாட்டு வீரர்களுக்கு 500 இடங்கள் உண்டு, மாநிலச் சான்றிதழுக்கு அங்கே மதிப்பு உண்டு என்பது பெற்றோர்களுக்குத் தெரிய வந்தது. அரசு வேலையில் விளையாட்டு ஒதுக்கீடு வந்ததும் நிலைமை இன்னும் மாறியது. அதே அலுவலக அறைகளில் எங்களுக்கு நாற்காலி போட்டார்கள். சீட்டுக்காக ஓட விட்டார்கள் என்று சிலர் குறை சொல்வார்கள். நான் சொல்ல மாட்டேன். எந்தக் காரணத்துக்காக வந்தாலும் மைதானத்துக்கு வந்த பிள்ளைக்கு மைதானம் தன் வேலையைச் செய்துவிடும்.

பெண் பிள்ளைகளைப் பற்றி ஒரு புத்தகமே எழுத வேண்டும். எட்டாம் வகுப்புவரை மானாக ஓடிய பிள்ளை ஒன்பதாம் வகுப்பில் திடீரென்று நின்றுவிடும். வேப்பந்தட்டைப் பக்கம் ஒரு வீட்டுக்கு நானும் எங்கள் பள்ளித் தமிழாசிரியையும் போனோம். தகப்பனார் மக்காச்சோளம் காயப்போட்டுக்கொண்டிருந்தார். “சார், புள்ள ஓடுறது எங்களுக்கும் பெருமதான். வயசுக்கு வந்த புள்ளைய டவுசரோட அத்தன பேர் முன்னால ஓட விட்டா நாளைக்கு ஊர்ல நாலு பேர் நாலு விதமா பேசுவாங்களே” என்றார். கோபமாகச் சொல்லவில்லை, தயங்கித் தயங்கித்தான் சொன்னார். டீச்சர் பதில் சொல்லாமல் உள்ளே போய் அவர் மனைவியிடம் பேசிக்கொண்டிருந்துவிட்டு வந்தார். முழுக்கால் டிராக் பேன்ட் போட்டு ஓடட்டும், போட்டிக்குப் போகும்போதும் வரும்போதும் டீச்சர் கூடவே இருப்பார் என்று முடிவானது. அந்த வருடம் அவள் நீளம் தாண்டுதலில் மாவட்ட முதல். என்னால் செய்ய முடியாத வேலையை அந்த டீச்சர் ஒரு டம்ளர் மோர் குடிக்கும் நேரத்தில் செய்துவிட்டார். தடகள வரலாற்றில் பெண் ஆசிரியர்களின் பங்கு என்று தனியாக ஒரு கட்டுரை யாராவது எழுத வேண்டும்.

தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் 1992-ல் தொடங்கப்பட்டது. அதன் பலன் எங்களுக்குக் கண்ணால் தெரிந்தது, பெரம்பலூரில் மாணவியர் விளையாட்டு விடுதியும் அரியலூரில் மாணவர் விளையாட்டு விடுதியும் வந்தபோதுதான். ஒரு காலத்தில் எங்கள் பிள்ளைகள் ஊரைவிட்டுப் போய்ப் பயிற்சி எடுத்தார்கள். இப்போது மற்ற மாவட்டத்துப் பெண்கள் பெரம்பலூருக்கு வந்து தங்கி, காலை ஐந்தரை மணிக்கு எம்.ஜி.ஆர். விளையாட்டு அரங்கத்தைச் சுற்றி ஓடுகிறார்கள். அவர்களோடு ஓடிப் பார்க்கும் வாய்ப்பு உள்ளூர்த் தனியார் பள்ளிப் பெண்களின் தரத்தையே உயர்த்தியது. 2023 முதல் முதலமைச்சர் கோப்பைப் போட்டிகள் பெரிய அளவில் நடக்கத் தொடங்கியபின் பரிசுத் தொகையும் கிடைக்கிறது. 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டில் நம் மாநிலம் 38 தங்கத்தோடு இரண்டாம் இடம் பிடித்ததற்குப் பின்னால் இந்தக் கீழ்ப்படிகள் எல்லாம் இருக்கின்றன.

தடகளம் இல்லையென்றாலும் அரியலூர் கார்த்தி செல்வத்தின் பெயரை இங்கே எழுதாவிட்டால் என் மனசு ஆறாது. ஹாக்கி வீரர். 2022 மே மாதம் ஜகார்த்தாவில் ஆசியக் கோப்பையில் பாகிஸ்தானுக்கு எதிராக முதல் கோல் அடித்தார். 2023 ஆகஸ்டில் சென்னையில் மலேசியாவை 4-3 என்று வென்று ஆசிய சாம்பியன்ஸ் கோப்பையைத் தூக்கிய இந்திய அணியிலும் இருந்தார். அன்று ராத்திரி எத்தனையோ அரியலூர் வீடுகளில் டிவி அணையவில்லை. அதே போல, பழைய திருச்சி மாவட்டத்துப் பிள்ளை லால்குடி ஆரோக்கிய ராஜீவ். ராணுவத்தில் சேர்ந்து, 2014 இன்சியான் ஆசிய விளையாட்டில் 400 மீட்டரில் வெண்கலம் வாங்கினார். இன்றும் 400 மீட்டருக்குப் பிள்ளைகளை லேனில் நிறுத்தும்போது அவர் பெயரைச் சொல்லித்தான் நிறுத்துகிறார்கள். “லால்குடிக்காரர் ஓடினதும் இதே தூரம்தான்டா” என்பார்கள்.

கடைசியாக ஒரு மாவட்டப் போட்டியைப் பற்றிச் சொல்லிவிட்டு முடிக்கிறேன். முந்தின நாள் மழை. கரிசல் மைதானம் மேலே காய்ந்து, அடியில் ஈரம் பிடித்திருந்தது. 200 மீட்டர் இறுதி ஓட்டம், பதினேழு வயதுக்கு உட்பட்ட பெண்கள். எங்கள் பள்ளிப் பெண்ணிடம் ஸ்பைக்ஸ் இருந்தது, அவள் அப்பா சென்னையிலிருந்து வாங்கி வந்தது. நாலாம் லேனில் ஓட வேண்டிய அரசுப் பள்ளிப் பெண் வெறுங்காலோடு நின்றாள். ஹீட்ஸில் இரண்டு முறை வழுக்கியிருந்தாள். எங்கள் பெண் அதற்கு முந்தைய 100 மீட்டரிலேயே தொடையில் பிடிப்பு வந்து 200-லிருந்து விலகிவிட்டாள். ஓரமாக உட்கார்ந்து ஐஸ் வைத்துக்கொண்டிருந்தவள் யாரையும் கேட்கவில்லை. நொண்டிக்கொண்டே எழுந்து போய், “என்ன சைஸ் அக்கா?” என்று கேட்டாள். அஞ்சு. இவளுக்கும் அஞ்சுதான். மண்ணில் உட்கார்ந்து தானே லேஸைக் கட்டிவிட்டாள். ஸ்டார்ட்டர் இரண்டு நிமிடம் பொறுத்தார்.

அந்தப் பெண் இரண்டாவதாக வந்தாள். விக்டரி ஸ்டாண்டிலிருந்து இறங்கியதும் நேராக எங்கள் டென்ட்டுக்கு வந்தாள். உடனே கொடுத்துவிடவில்லை. கீழே உட்கார்ந்து, ஸ்பைக்ஸைத் திருப்பிப் போட்டு, ஆணிகளுக்கு நடுவே அப்பியிருந்த கரிசல் மண்ணை ஒரு ஈர்க்குச்சியால் ஒவ்வொன்றாகச் சுரண்டினாள். தாவணிக்குப் பதிலாகத் தோளில் போட்டிருந்த துண்டால் இரண்டையும் துடைத்து, லேஸை உள்ளே மடித்து வைத்து, இரண்டு கையாலும் நீட்டினாள்.